கட்டைவிரல் அளவு முதலாளி

உலகத்தில் எத்தனையோ தொழிலாளிகள் எத்தனையோ காரணங்களுக்காக வேலைக்கு லேட்டாக வந்திருக்கிறார்கள். மேகம் நன்றாக இருந்தது என்று லேட் ரிஜிஸ்டரில் காரணம் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் டியூப் சாமி.

கொரோனா அடங்கிய சமயம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு காகித மில்லில் நான் டைம் ஆபீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யார் மட்டம் போட்டார்கள் என்று கண்காணிக்கிற உத்தியோகம். மாமியாருக்குக் காய்ச்சல், ரயில் பொன்னேரியில் நின்றுவிட்டது, ஒரே மாமனாருக்கு மூன்றாவது தடவையாகக் கருமாதி என்று எல்லாவற்றையும் படித்துப் பழுத்தவன். அப்படிப்பட்ட எனக்கே அன்றைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘கவரப்பேட்டைகிட்ட மேகம் நல்லா இருந்திச்சி. எறங்கி பாத்துட்டு அட்த்த வண்டில வந்தேன்’ என்று எழுதியிருந்தது.

கூப்பிட்டு விசாரித்தேன்.

“என்னங்க இது?”

“நெஜத்த எய்தினேன் சார். பொய் எய்தணுமா?”

“மேகத்தைப் பாக்க ஒரு மனுஷன் ரயிலை விட்டு இறங்குவானா?”

“ஓடுற வண்டில பாத்தா பூடுது சார். நின்னு பாத்தாதான் அதுவும் நிக்குது.”

மேகத்துக்கென்று எந்த விதிமுறைப் புத்தகத்திலும் தனி விதி இல்லை. அரைநாள் சம்பளத்தை வெட்டினேன். மனுஷன் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த மேகம் அரைநாள் சம்பளத்துக்குத் தகும் என்று அவர் முகம் சொன்னது. அதில் எனக்கு இன்னொரு அதிர்ச்சி.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூலகாரணம் யார் என்று கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். நான்தான்.

எங்கள் மில்லுக்குக் கழிவுக் காகிதம் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும். அவர்கள் படித்துப்போட்ட பேப்பர், தின்றுபோட்ட பீட்சா டப்பா, பிரிக்காமலேயே தூக்கி எறிந்த விளம்பரம் எல்லாம் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அதிலிருந்து கம்பியையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கூழ்த்தொட்டியில் தள்ள வேண்டும். பொறுக்குகிற கான்ட்ராக்ட் ஆட்களில் ஒருவர்தான் நம் ஆள். மீஞ்சூர்க்காரர். நாற்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு. தொட்டிக்குப் போக வேண்டிய ஒரு படப் புத்தகத்தை, அட்டை கிழிந்து, ஓரம் நனைந்த நிலையில், சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒருநாள் டீ டைமில் என்னிடம் வந்தார்.

“சார், இது இன்னா ஊரு? இங்கிலீஸ்ல போட்டுக்கீது. கொஞ்சம் படிச்சி சொல்லு சார்.”

படித்துச் சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இருந்த சில ஓவியர்களைப் பற்றிய புத்தகம் அது. அவர்களுடையது புது நாடு. ஆயிரம் வருஷத்துக் கோபுரமோ, இடிந்த அரண்மனையோ காட்டிப் பெருமைப்பட ஒன்றும் கிடையாது. ஆகவே காட்டையும் மலையையும் ஆற்றையுமே கோயிலாக நினைத்து வரைந்திருக்கிறார்கள். மலைமேல் விழுகிற வெளிச்சம் கடவுளே நேரில் எழுதிய எழுத்து, அதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு வேறு உபதேசம் வேண்டாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால்தான் படத்தில் முக்கால்வாசி வானம். மனிதன் எங்கேயோ ஓரத்தில், பொட்டு அளவுக்கு, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். பக்கத்தில் வெட்டுப்பட்ட மரம் ஒன்று இருக்கும். மனிதன் வந்தால் கூடவே கோடாலியும் வரும் என்கிற கவலை.

டியூப் சாமி, அப்போது அவருக்கு இன்னும் அந்தப் பெயர் வரவில்லை, அப்படியே வாயைப் பிளந்தார்.

“அப்போ மனுசன தெரியாம சின்னதா போட்லியா? வேணும்னே போட்டதா?”

“வேணும்னேதான்.”

“நம்ம மேனேஜரா இருந்தாலும் அம்மாந்தானா?”

“அவங்க கணக்குப்படி அவ்வளவுதான்.”

கையிலிருந்த டீ ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது. அதைக் குடிக்காமலே எழுந்து போனார். ஒரு மனிதனுக்குக் கரண்ட் ஷாக் அடித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தகவல் அப்படி அடித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? மறுநாள் அடுத்த பக்கத்தையும் படித்துச் சொன்னேன். அந்தக் காலத்தில் ஒரே ஒரு பெரிய படத்தைத் தனி அறையில் மாட்டி, முன்னால் திரை கட்டி, டிக்கெட் போட்டுக் காட்டுவார்களாம். ஜனங்கள் வரிசையில் நின்று உள்ளே போய், பைனாகுலரை வைத்துக்கொண்டு இலை இலையாகப் பார்ப்பார்களாம்.

எங்கள் மில்லில் பைனாகுலர் ஏது? காகிதச் சுருளுக்கு நடுவே கெட்டியான அட்டைக் குழாய் ஒன்று இருக்கும். அதில் ஒரு முழத் துண்டை அறுத்து, வலது கண்ணில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை ஷிஃப்டு சங்கு ஊதும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே கிழக்கே பார்த்து நின்றார் மனுஷன். செக்யூரிட்டி பதறிப்போய் எனக்குப் போன் பண்ணினார்.

“சார், ஒருத்தன் டியூப வச்சிக்கினு சூரியனுக்கு கும்புடு போட்டுக்கினு கீறான் சார். உள்ள உடலாமா?”

அன்றிலிருந்துதான் டியூப் சாமி.

குழாய் எதற்கு என்று கேட்டேன். “சும்மா பாத்தா கரண்டு கம்பி, செல்போன் டவரு, ஃபிளெக்ஸ் பேனரு எல்லாம் சேந்து தெரிது சார். இதுல பாத்தா அவுரு எய்தினது மட்டுந்தான் தெரிது” என்றார். எடுத்துப் பார்த்தேன். பாவி மனுஷன் சொன்னது வாஸ்தவம். ஆனால் டைம் ஆபீஸ்காரன் அதை ஒத்துக்கொள்ள முடியுமா? “போய் வேலையைப் பாருங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார். ஆனால் ஜன்னல் ஓரம்தான் உட்காருவார். போதகர் ஒருநாள் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, “பிரதர், நான் இந்தப் பக்கம் இருக்கேன்” என்றாராம். நம் ஆள் எழுந்து நின்று, “ஐயா, நீங்க சொல்றத காதுல கேட்டுக்கினுதான் கீறேன். அவுரு எய்தினத கண்ணுல படிச்சிக்கினு கீறேன்” என்றிருக்கிறார். சபையே திகைத்துப்போனது என்று அவருடைய வீட்டம்மா ஸ்டெல்லா என்னிடம் சொல்லி அழுதார்.

வாராந்திர லீவு நாளில் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்து, அங்கிருந்து எளாவூர் வரைக்கும் மிதிப்பார். அங்கே ஹைவேயில் செக்போஸ்ட்டுக்காக லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அதற்கு நடுவே நின்று குழாயை உயர்த்துவார். லாரிக்காரர்கள் முதலில் பயந்தார்கள். அப்புறம் ஒரு டிரைவர் இறங்கி வந்து, “நைனா, ஆகாசத்துல இன்னா கீது? டிரோனா?” என்று கேட்டு, குழாயை வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் திருப்பித் தரவில்லை. வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்துக் கதறின. அவர் நகரவில்லை. கடைசியில் பம்பர்மேல் உட்கார்ந்து, ஊரிலிருக்கிற பெண்சாதிக்குப் போன் போட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னாராம். அதற்கப்புறம் குழாய்க்குக் கியூ. இதை என்னிடம் சொன்ன கிளீனர், ஆந்திரா எல்லையில் இருக்கிற ஆரம்பாக்கம் வரைக்கும் வண்டி நின்றது என்றான். பாதியைத் தள்ளிவிட்டு நம்பினாலும் பயங்கரம்தான்.

இப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டு ஸ்டெல்லா பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கத்தில் சின்னதாக நாஷ்டா கடை வைத்திருந்தார். புருஷனுக்கு மில்லில் ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை. சில மாதத்துக்கு ஒரு தடவை நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பார்கள். எடுப்பார்களா மாட்டார்களா என்று ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பார்.

“சார், எனக்கு நகை வேணாம், ஊடு வேணாம். இந்த ஆள ஒரு பர்மனென்ட்டு பண்ணிக் குடுங்க சார். நாளிக்கி வேல இருக்குமான்னு நெனச்சிக்கினே பட்த்து பட்த்து ஒன்போது வருசமா நான் தூங்கல.”

கேட்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் லேட் ரிஜிஸ்டரில் மேகம் என்று எழுதுகிறவரை யார் பர்மனென்ட் ஆக்குவார்கள்?

வந்தது ஒரு வாய்ப்பு. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எங்கள் காகிதத்தை வாங்கும் முன்னால், மில் சுற்றுச்சூழலை எப்படி வைத்திருக்கிறது என்று பார்க்க ஒரு குழுவை அனுப்புவதாகச் சொன்னது. முதலாளிக்கு உடனே சுற்றுச்சூழல் மேல் பாசம் பொங்கியது. ஆபீஸுக்கு எதிரே இருக்கும் நாற்பதடிச் சுவரில் இயற்கைக் காட்சி வரைய வேண்டும் என்றார். டியூப் சாமி பேப்பர் கட்டுகள்மேல் சாக்கட்டியால் மலையும் மரமும் வரைந்து தள்ளுவது மேனேஜருக்குத் தெரியும். கூப்பிட்டார்.

“நல்லா வந்தா பர்மனென்ட். மொதலாளியே வாய்விட்டுச் சொல்லிட்டாரு. ஒரே ஒரு கண்டிஷன். படத்துல மொதலாளியும் இருக்கணும்.”

“கண்டிப்பா வெக்கிறேன் சார்” என்றார் டியூப் சாமி. அவர் முகத்தில் அப்படி ஒரு பக்தி.

பத்து நாள் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தார். யாரையும் எட்டிப்பார்க்க விடவில்லை. குழு வருவதற்கு மூன்று நாள் முன்பு திறப்பு விழா. காலை ஒன்பது மணிக்கு முதலாளி மாலையும் கழுத்துமாக வந்தார். முந்நூறு பேர் கூடியிருந்தோம். ஸ்டெல்லா நல்ல புடவை கட்டிக்கொண்டு கேட்டுக்கு உள்ளே ஓரமாக நின்றார். டியூப் சாமி எல்லோருக்கும் ஆளுக்கொரு அட்டைக் குழாயைக் கொடுத்துவிட்டு, திரையை அவிழ்த்தார்.

முந்நூறு பேரும் அண்ணாந்தோம்.

நாற்பதடிக்கும் வானம். பழவேற்காடு ஏரிப் பக்கத்து விடியல். சாம்பலும் ரோஜாவும் மஞ்சளுமாக மேகம் அடுக்கடுக்காகப் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீரிலும் அதே வெளிச்சம். முன்னால் ஒரு வெட்டுப்பட்ட பனை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் குப்பைக் கட்டுக்குள்ளிருந்து இப்படி ஒன்று வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

முதலாளிதான் முதலில் வாயைத் திறந்தார்.

“நம்ம மில்லு எங்க?”

“அதோ சார், மூலைல.”

தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டடம். அதன் புகைபோக்கியிலிருந்து ஒரு நூல் நீராவி போய் மேகத்தில் சேர்ந்தது.

“சரி. நான் எங்க?”

இந்த இடத்தில் வாசகர்கள் நம் ஊர் பேனர்களை ஒருதரம் நினைத்துக்கொள்ள வேண்டும். காதுகுத்து பேனரானாலும் கட்சி பேனரானாலும் கணக்கு ஒன்றுதான். முக்கியமானவர் ஆள் உயரத்துக்கு நடந்து வருவார். அடுத்தவர் இடுப்பளவு. அப்புறம் மார்பளவு. ஒன்றுக்கும் ஆகாதவர்கள் கீழே பாஸ்போர்ட் சைஸில் வரிசையாக இருப்பார்கள். அதிலேயே தன் தலை பக்கத்துத் தலையைவிடச் சின்னது என்று சண்டை போட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அந்த ஊரில்தான் முந்நூறு பேர் அட்டைக் குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு முதலாளியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

“கண்டுபுடிச்சிட்டேன்!” என்று கத்தினார் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். “மொதலாளி அந்த பனமரத்துக்கு கீய கீறாரு!”

“யோவ், அது நாய்யா” என்றார் இன்னொருவர்.

“நாய்க்கு பக்கத்துல பாரு.”

கட்டைவிரல் அளவுக்கு ஓர் உருவம். முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்து நின்றது.

முதலாளியின் கழுத்திலிருந்த மாலை மேலும் கீழும் ஏறி இறங்கியது.

“இதான் நானா?”

“ஆமா சார்” என்றார் டியூப் சாமி, பூரித்துப்போய். “இந்த படத்துல மனுசன் ஒர்த்தருக்குத்தான் எடம். அத உங்களுக்கே குட்த்துட்டேன்.”

“மூஞ்சி எங்கய்யா?”

“அந்தாண்ட பாத்துக்கினு கீறீங்க சார். அம்மாம் பெரிய வானம் எதிர்ல இருக்க சொல்ல, நீங்க எங்களையா பாப்பீங்க?”

அவர் மனசறிந்து செய்த மிகப் பெரிய மரியாதை அது. எனக்குத் தெரியும். ஆனால் அதை அங்கே நான் விளக்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், குழாயைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். முதலாளி மாலையைக் கழற்றி மேனேஜர் கையில் திணித்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். ஸ்டெல்லா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் தீர்ப்புச் சொன்னார். “ரெண்டு நாள் டைம். மொதலாளி பெரிசா, சிரிச்ச மூஞ்சியா செவுத்துல இருக்கணும். போட்டா பர்மனென்ட். இல்லன்னா செவுத்துக்கு சுண்ணாம்பு, உனக்குக் கணக்கு முடிச்சி அனுப்பிடுவேன்.”

வீட்டுக்குப் போனேன். சோறு இறங்கவில்லை. இந்த மனுஷன் மாட்டேன் என்றுதான் சொல்லப்போகிறார், வேலை போகப்போகிறது, அந்த அம்மாவின் கதி என்ன என்று புரண்டுகொண்டிருந்தேன். காலையில் முதலாளி காலில் விழுந்தாவது ஒரு வழி பண்ணுவது என்று முடிவுகட்டி, ஆறு மணிக்கே மில்லுக்கு வந்தேன்.

சுவரைப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

பத்தடி உயரத்துக்கு முதலாளி. வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரம், முப்பத்திரண்டு பல். ரோஜா நிற மேகமெல்லாம் அவர் தோளுக்குப் பின்னால் போய்விட்டது. ஏணிமேல் நின்று டியூப் சாமி மீசைக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார். வாயில் விசில் வேறு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரவெல்லாம் யாருக்காகத் தவித்தேனோ அவர் மேலேயே.

“சாமி! இறங்குங்க கீழே! என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? அத்தனை வானத்தையும் மறைச்சிட்டீங்களே!”

இறங்கி வந்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஸ்டெல்லா ஒன்போது வருசமா தூங்கல சார். ஒரு படத்துக்கோசரம் அத இன்னும் பேஜார் பண்ணணுமா?”

“அப்போ நீங்க நம்பினதெல்லாம்?”

“செவுத்துல கீற வானத்தத்தான சார் மறச்சேன்” என்றவர், கையை மேலே காட்டினார்.

அண்ணாந்து பார்த்தேன். மில் கூரைக்கு மேலே, யாரையும் கேட்காமல், அது பாட்டுக்கு விடிந்துகொண்டிருந்தது. நான்தான் சுவரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். புத்தகத்தைப் படித்துச் சொன்னவன் நான், புரிந்துகொண்டவர் அவர் என்று தெரிந்ததும் எனக்கு உண்டான அதிர்ச்சி இருக்கிறதே, அது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

குழு வந்தது. சுவரிலிருந்த முதலாளியைப் பார்த்தது, பக்கத்தில் நின்ற முதலாளியைப் பார்த்தது, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தலையாட்டிவிட்டுக் கழிவுநீர்த் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பர்மனென்ட் ஆர்டரை அடித்தவன் நானே. அன்றைக்கு ஸ்டெல்லா மில்லுக்கே வந்து முந்நூறு பேருக்கும் கேசரி கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு கரண்டி.

கூட்டம் கலைந்ததும் டியூப் சாமி என் தோளைத் தொட்டார்.

“சார், ஒரு நிமிசம் செவுத்தாண்ட வாயேன்.”

போனேன். பனைமரத்துக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார். நாய் அப்படியே இருந்தது. பக்கத்தில் அந்தக் கட்டைவிரல் மனிதனும் நின்றுகொண்டிருந்தான்.

“இவரை அழிக்கலையா?”

“மொதலாளி பெர்சாயிட்டாரா? இந்த எடம் காலியாச்சி. ஒர்த்தருக்குத்தான் எடம்னு சொன்னேன் இல்ல? வேற ஆள வெச்சிட்டேன்.”

மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். திக்கென்றது. அக்குளில் வருகைப் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு, வெளிச்சத்தைப் பார்த்தபடி நிற்கிற அந்த உருவத்தின் பின்னந்தலையில், கடுகளவுக்குப் பளபளவென்று என் வழுக்கை.

அந்த மனுஷன்மேல் எனக்கு எத்தனை பிரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், “ரெண்டு முடியாவது போட்டிருக்கலாமே, சாமி” என்றேன்.